எட்டாம் பக்கத்துச் சந்தனம்

மகன்,

நீ மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். தலைக்கு மேலே பலகை கிறீச்சிடும்போதெல்லாம் பேனை நின்றுவிடுகிறது. நீ இறங்கி வருகிறாயோ என்று வாசலைப் பார்க்கிறேன். காலையில் இருந்து மூன்று முறை படியடிக்கு வந்து "கையுறை வைச்சனீயோ?" என்று கேட்டுவிட்டேன். மூன்றாவது முறை நீ, "அம்மா, கிளாஸ்கோ வடதுருவத்தில இல்ல" என்றாய். எனக்கும் தெரியும். ஆனால் கையுறையைப் பற்றிக் கேட்பது சுகமாக இருக்கிறது. சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டு வேறொன்றைக் கேட்பது எனக்கு நன்றாகப் பழகிய வேலை. கிளாஸ்கோ இசைக் கல்லூரிக்குப் போகத் திங்கட்கிழமை காலை யூஸ்டனில் உனக்கு ரயில். அதற்கு முதல் நாள் பின்னேரம் உன்னை வழியனுப்ப வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். இன்று வியாழன். இரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல எனக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, அதிலும் ஒரு நாள் பலகாரம் சுடுவதில் போய்விடும்.

ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீ யோசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இத்தனை வருடம் போயும் நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். ஒரு பக்கத்துக்கே நல்ல நேரம் எடுக்கும். நீ மெதுவாக வாசிப்பது எனக்கு நல்லது. ஆங்கிலத்தில் எழுதினால் நான் அலுவலகக் கடிதம் போல எழுதிவிடுவேன். அந்த மொழியில் வருத்தம் தெரிவிக்க எனக்குத் தெரியும், பிழையை யார் விட்டது என்று சொல்லாமல் நழுவவும் தெரியும். 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினால் போதும், தவறு தானாக நடந்து வந்து கதிரையில் இருந்தது போல ஆகிவிடும். தமிழில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீ வாசித்து முடித்த பிறகு இந்தக் கடிதத்தைத் தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். ஏன் என்று போகப் போக விளங்கும். கோபம் வந்தால் வரட்டும். இடையில் மட்டும் வைத்துவிடாதே.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான் என்று உனக்குத் தெரியும். சுவரில் இருக்கும் படத்தில் கறுப்பு அங்கியோடு நிற்கும் என் இடுப்பில் இருப்பது நீதான். ஒன்றரை வயது, தொப்பியின் குஞ்சத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கெட்டிக்காரி என்பார்கள். பதினொரு வயதில் நான் இந்த ஊருக்கு வந்தேன். அடுத்த வருடத்தில் இருந்து வீட்டுக்கு வந்த கடிதம் எல்லாவற்றையும் நான்தான் வாசித்தேன். கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், அகதி வழக்குக் கடிதம் எல்லாம். பெற்றோல் நிலையத்தில் வேலை முடித்து வந்த அம்மப்பா சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நிற்பார். "பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார். நான் பிழை விட்டால் அந்த வீட்டுக்கு மாற்று ஆள் கிடையாது. அதனால் பிழையே விடாத பிள்ளை என்று பெயர் எடுத்தேன். உண்மை என்னவென்றால், பிழை விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் பக்கத்தில் இருந்த பெண் என் கணக்கைப் பார்த்து எழுதி, என் பிழையைத் தன் விடையாக வகுப்புக்கு வாசித்தாள். ஆசிரியர் அவளைத் திருத்தினார், பிள்ளைகள் சிரித்தார்கள். நான் என் தாளைக் கையால் மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் பெயர்கூட இன்று நினைவில் இல்லை. கையால் மூடியது மட்டும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதற்காகத் திருந்தியும் விடவில்லை.

உனக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் ஒரு வெள்ளிக் குழலை இரவலாகத் தந்தது. குழல் ஆசிரியை வீட்டு முன்னறையில் நீ வாசிக்க, நான் நடையில் சப்பாத்து வைக்கும் வாங்கில் இருந்து கேட்டேன். உனக்குச் சொன்னதையெல்லாம் எனக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஒரு கொப்பியில் எழுதினேன். எனக்கு எதையும் வாசிக்க வராது, பாடவும் வராது. ஆனால் இசைத் தாளில் ஓடுகிற புள்ளிகளுக்குப் பின்னால் கண்ணை ஓட்டப் படித்துக்கொண்டேன். அதை முதலில் கண்டுபிடித்தவள் மதுரா. பிரான்சில் இருந்து வந்து விம்பிள்டனில் கடை போட்ட குடும்பத்துப் பிள்ளை, உன் வகுப்பு, உன் வயது. நம் முன்னறையில் இருந்த பழைய மின்பியானோவில் அவள் வாசிக்க, நீ குழல் ஊதுவாய். ஒரு நாள் நான் தேத்தண்ணீரோடு நின்று புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையும் ஓயாமல் வாசித்தபடியே, "அன்ரி, திருப்புங்கோ!" என்று கத்தினாள். திருப்பினேன், சரியான இடத்தில். அன்றில் இருந்து பக்கம் திருப்புகிற வேலை என்னுடையது.

உன் அப்பா வேலையால் வந்து சோபாவில் கால் நீட்டியபடி உங்கள் இரண்டு பேரையும் சீண்டுவார். "குழலுக்கு ஏன் பியானோ? கலியாண வீட்டில நாதஸ்வரத்துக்குத் தவில் மாதிரியோ?"

"இல்லை அப்பா, ரெண்டும் கதைக்குது. ஒண்டு சொல்ல மற்றது மறுமொழி சொல்லும்."

"அப்ப நானும் அம்மாவும் மாதிரி. அவ குழல். நான் பின்னால நிண்டு டொங் டொங் எண்டு தலையாட்டுறன்."

"அங்கிள், நீங்க தலையாட்டாட்டி அன்ரி விழுந்துபோவா," என்றாள் மதுரா. அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் சிந்தியது.

நீங்கள் போட்டிக்கு எடுத்த அந்த உருப்படியை எழுதியவரின் பெயரை என்னால் இன்னமும் சரியாகச் சொல்ல முடியாது. மதுரா பிரெஞ்சு நாக்கோடு அழகாகச் சொல்வாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே இசை எழுதியவர்களுக்குக் கிரேக்கக் கதைகளில் தீராத ஆசை என்றும், அதை ரொமான்டிக் காலம் என்று சொல்வார்கள் என்றும் நீ சொன்னாய். காதல் பாட்டோ என்று கேட்டேன். மனதில் வருகிறதை மறைக்காமல் எழுதின காலம் என்றாய். அப்படி ஒரு காலம் இருந்தால் நான் அதில் பிறக்கவில்லை என்று நினைத்தேன். பஸ்ஸின் மேல்தட்டில் வரும்போதுதான் முழுக் கதையையும் கேட்டேன்.

"பான் எண்டு ஒரு ஆள், அன்ரி," என்று மதுரா தொடங்கினாள். "அரைவாசி ஆடு, அரைவாசித் தெய்வம். சிரிங்ஸ் எண்டு ஒரு பிள்ளையைக் கலைச்சுக்கொண்டு ஓடுறான்."

"ஏன் கலைக்கிறான்?"

"விருப்பமாம்," என்றாய் நீ.

"அவவுக்கு விருப்பமில்லை," என்றாள் மதுரா. "ஆத்தங்கரைக்கு வந்த பிறகு ஓட இடமில்லை. என்னைக் காப்பாத்துங்கோ எண்டு தண்ணித் தேவதையளிட்டக் கேட்டா. அவை அவவை நாணலா மாத்திப்போட்டினம். அவன் வந்து கட்டிப்பிடிக்கிறான், கையில நாணல்தான் கிடக்கு."

"பேந்து?"

"பேந்து அவன் அந்த நாணலை வெட்டிக் குழல் செய்து ஊதுறான்," என்று நீ பெருமையாக முடித்தாய். "அதுதான் என்ர குழலுக்குக் கொப்பாட்டி."

"கண்ணன்ர கதை மாதிரிக் கிடக்கு."

"ஐயோ அம்மா! கண்ணன் ஊத பொம்பிளையள் ஓடி வந்தவை. இஞ்ச ஓடிப் போறா. தலைகீழ்!"

மதுரா ஜன்னலைப் பார்த்தபடி, "வெட்டேக்க அவவுக்கு நொந்திருக்காதோ?" என்றாள். நீ, "அது நாணல் மது, ஆள் இல்லை" என்றாய். நான் இறங்குவதற்கு மணியை அழுத்தினேன்.

அந்த உருப்படியில் எட்டாம், ஒன்பதாம் பக்கங்கள்தான் கலைத்து ஓடுகிற இடம். குழல் தலைதெறிக்க ஓடும், பியானோ விடாமல் பின்னால் வரும். பத்தாம் பக்கத்தில் எல்லாம் நின்றுவிடும். நாணல் காற்றில் அசைகிற மாதிரி நீளமான, மெதுவான சுரங்கள். எட்டாம் பக்கத்தில் நீ எப்போதும் தடக்குவாய். மூச்சு எடுக்க இடம் போதாது. மதுரா அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, நீ மூச்சு எடுக்கும்போது தான் ஒரு மயிரிழை காத்திருப்பதற்கு ஒரு குறியும் போட்டு வைத்திருந்தாள். நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய், அது பியானோப் புத்தகம்.

போட்டிக்கு முதல் நாள் பயிற்சி முடிந்து போகும்போது அவள் புத்தகத்தை என் கையில் தந்தாள். "நாளைக்குப் பக்கம் திருப்பிறது நீங்கதானே. நீங்களே கொண்டு வாங்கோ அன்ரி, நான் எண்டாப் பதட்டத்தில விட்டுட்டு வந்துடுவன்." மறுநாள் காலை அப்பா உங்கள் இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு முன்னமே மண்டபத்துக்குப் போய்விட்டார். நான் தனியாக நோர்தன் லைன் ரயில் பிடித்து ஆர்ச்வேயில் இறங்கி மேட்டில் ஏறி முருகன் கோயிலுக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றால் நீ சிரிப்பாய் என்று, கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சோதனைக் காலத்தில் நம் ஆட்கள் பிள்ளைகளின் பேனையைச் சுவாமியின் காலடியில் வைத்து எடுப்பது போல, அந்தப் பியானோப் புத்தகத்தை ஐயரிடம் கொடுத்தேன். அவர் அதை உள்ளே கொண்டுபோய் வைத்து, ஒரு பூவோடும் இலையில் கொஞ்சம் சந்தனத்தோடும் திருப்பித் தந்தார்.

அட்டையில் ஒரு பொட்டு வைத்தால் போதும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு அது போதவில்லை. எட்டாம் பக்கம் ஒரு கிழமையாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இடம் எது என்று முருகனுக்குச் சரியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும் என்பது போல அந்தப் பக்கத்தை விரித்து, அச்சில் பட்டுவிடாமல், கீழே வெளி மூலையில் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக வைத்தேன். பிறகு புத்தகத்தை மூடினேன். ரயிலில் இடம் கிடைத்தும் இருக்கவில்லை. நின்றுகொண்டே அதை நெஞ்சோடு இறுக்கி அணைத்தபடி போனேன். அந்த இறுக்கத்தை இரண்டு வருடமாக என் கைகள் மறக்கவில்லை. ஈரமாக இருந்த எட்டாம் பக்கத்தையும் எதிரே இருந்த ஒன்பதாம் பக்கத்தையும் ஒட்டியது என் நெஞ்சுதான்.

போட்டி நடந்த தேவாலய மண்டபத்தில் மேடை ஏறவே எனக்குப் பயமாக இருந்தது. நான் வகுப்பில்கூடக் கை உயர்த்தாதவள். ஆனால் நீ தொடங்கியதும் பயம் போய்விட்டது. அவ்வளவு நன்றாக ஊதினாய். நீ முன்னால் நின்று மனப்பாடமாக ஊதினாய், எங்களுக்கு உன் முதுகுதான் தெரிந்தது. ஆறாம் பக்கம், ஏழாம் பக்கம். மதுரா தலையை அசைத்தாள். தாளைப் பிடித்தேன். விரலில் தடிப்பாகப் பட்டது. பட்டதை உணர்ந்தேன், மகன். உணர்ந்தும் திருப்பினேன். கண்ணுக்கு முன்னால் பத்தாம் பக்கம் விரிந்தது.

நீ கலைபட்டு ஓடிக்கொண்டிருந்தாய். பியானோ நாணலாகி நின்றுவிட்டது. மதுராவின் கை ஒரு நீளமான சுரத்தை வாசித்துவிட்டுத்தான் பிழை என்று கண்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், ஒரே ஒரு முறை. அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். தாளைப் பின்னுக்குத் திருப்பி, நகத்தால் பிரித்திருக்க வேண்டும். என் கை அசையவில்லை. நான் செய்த பிழையை எல்லோரும் பார்க்கப் போகிறார்கள் என்ற ஒன்றைத் தவிர என் தலைக்குள் வேறெதுவும் இல்லை. அவள் நினைவில் இருந்ததை வைத்து உன்னை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். இடது கை ஒரு பக்கம் போனது, வலது கை ஒரு பக்கம் போனது. நீ ஊதுவதை நிறுத்தித் திரும்பினாய். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தாய்.

நீங்கள் முதலில் இருந்து திரும்பத் தொடங்கினீர்கள். அதற்குள் நான் பக்கத்தைப் பிரித்துவிட்டேன். மூலை கொஞ்சம் கிழிந்தது. ஆனால் நீ கோபத்தில் ஊதினாய், அவள் பயத்தில் வாசித்தாள். பரிசு வேறு யாருக்கோ போனது. மண்டபத்து நடையில் எல்லோரும் கேட்க நீ ஆங்கிலத்தில் அவளைப் பார்த்து, தாளம் எண்ணக்கூடத் தெரியாதவளோடு இவ்வளவு நாளும் மினக்கெட்டேன் என்று சொன்னாய். அப்பா, "சரி விடடா, பசிக்குது, எங்கையாவது சாப்பிடுவம்" என்று உன் தோளைப் பிடித்தார். நீ உதறினாய். மதுரா, "என்ர பிழைதான். சொறி" என்றாள். நான் கைப்பைக்குள் புத்தகத்தை வைத்து சிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். தாளைக் கையால் மூடிய அதே ஆள்தான் நான்.

முதல் கிழமை, இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். பிறகு சொன்னால் ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்பாயே என்று நினைத்தேன். பிறகு நீ வேறு பியானோக்காரரோடு வாசிக்கத் தொடங்கினாய், இனி எதற்கு என்று நினைத்தேன். இதற்கிடையில் தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் நீ அந்தக் கதையைப் பகிடியாகச் சொல்லப் பழகிவிட்டாய். நான் அங்கேதான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். ஆண்டு விழாவுக்கு வாசிக்க மதுராவைக் கேட்டிருந்தவர்கள் கடைசி நேரத்தில் வேறு பிள்ளையைப் போட்டார்கள். "அந்தப் பிள்ளை இடையில குழப்பிப்போடுமாம்" என்று ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொன்னது என் காதில் விழுந்தது. பால் போடவோ என்று கேட்டேன். இப்போது விளங்குகிறதா, இந்தக் கடிதம் ஏன் மலருக்குப் போக வேண்டும் என்று? பொய் அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தேத்தண்ணீரோடு பரிமாறப்பட்டது. திருத்தத்தை உன்னிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னால் அது போதாது.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் அப்பா, "ஞாயிற்றுக்கிழமை சனத்துக்கு ஒண்டு வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போ" என்றார். நீ, "வாசிக்கிறன். பியானோவுக்குப் போனில ரெக்கோர்டிங் போடுவன். போனுக்கு எண்ணத் தெரியும்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். அதைக் கழுவியபடி நின்றபோது, பஸ்ஸில் அவள் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. உன் குழல் நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் நான் ஒரு பிள்ளையை வெட்டியிருக்கிறேன். இரண்டு வருடமாக அவள் வாய் திறக்கவில்லை என்பதால் நோகவில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று அரை நாள் லீவு எடுத்து விம்பிள்டனுக்குப் போனேன். கடைக்கு மேலேதான் அவர்களுடைய வீடு. அவள் மருந்தாளர் படிப்புப் புத்தகங்களோடு இருந்தாள். பியானோவின் மூடியின் மேல் மடித்த உடுப்புகள் குவிந்திருந்தன. நான் வாசலில் நின்றபடியே சொல்லத் தொடங்கிவிட்டேன். உள்ளே போய் இருந்தால் வானிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்குப் பயம். கோயில், சந்தனம், எட்டாம் பக்கம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "முதல் உள்ளுக்கு வாங்கோ அன்ரி, கீழ கடையில எல்லாருக்கும் கேக்கும்" என்றாள்.

"நான்தான் பிழை விட்டனான், மதுரா."

"தெரியும்."

"ரெண்டு பக்கம் திருப்பினது தெரியும். ஏன் எண்டு..."

"அதுவும் தெரியும். நீங்க தாளைத் திருப்பேக்கையே சந்தனம் மணந்தது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். "பேந்து ஏன் நீ சொல்லேல்ல?"

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள், ஏற்கெனவே மடித்திருந்த சட்டை. "நீங்க அண்டைக்கு நிண்ட நிலையைப் பாத்தன். நான் சொல்லியிருந்தா கவின் உங்களைத்தான் ஏசியிருப்பான், எல்லாருக்கும் முன்னால. அவனுக்கு வேற பியானோ கிடைக்கும். வேற அம்மாவோ கிடைக்கும்?" பிறகு கொஞ்சம் சிரித்தாள். "நீங்க அடுத்த நாள் சொல்லிப்போடுவீங்க எண்டு நினைச்சனான், அன்ரி. ஒரு நாள் எண்டு நினைச்சுத்தான் பாரத்தை எடுத்தனான்."

மகன், நான் அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். அதுவும் பிழையாகத்தான் பட்டது, அவளுக்கு நான் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் கேட்டேன். "நீங்க கூப்பிட்டா வரமாட்டன்" என்றாள். "அவன் எல்லாம் தெரிஞ்சு, தானாப் போன் எடுத்தா வாறன். பாவம் பாத்துக் கூப்பிட்டா வேண்டாம். வாசிக்கக் கூப்பிட்டா வாறன்." படியால் இறங்கும்போது பின்னால் இருந்து கேட்டாள், "அன்ரி, புத்தகம் உங்களிட்டையோ? அதில என்ர பென்சில் குறி எல்லாம் கிடக்கு." இரண்டு வருடம் அது என் அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே இருந்தது. அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்ல வேண்டி வந்துவிடும் என்று கேட்காமல் விட்டிருக்கிறாள்.

ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்குத் தாய் நல்ல வார்த்தை நாலு சொல்ல வேண்டும். எனக்கு வருவது இவ்வளவுதான். கிளாஸ்கோவில் உனக்குப் பின்னால் எப்போதும் யாராவது பியானோவில் இருப்பார்கள். நீ முன்னால் நிற்பாய், கைதட்டு உன் முகத்தில் விழும். அவர்கள் தங்கள் புத்தகத்தில் உன் மூச்சுக்கு என்ன குறி போட்டிருக்கிறார்கள் என்று ஒரு தரம் எட்டிப் பார். ஏதாவது குழம்பினால், யார் என்று தேடுவதற்கு முதல் என்ன நடந்தது என்று கேள். நீ அன்று அதைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ? தெரியவில்லை. சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எழுத மாட்டேன். நீ என்னைப் போல வந்துவிடக் கூடாது என்று எனக்குப் பயம். பிழை விட்டால் வாய் திற. உடனே திற. ஒரு நாள் பிந்தினாலும் அந்தப் பாரத்தை வேறு யாரோ சுமக்க வேண்டி வருகிறது.

இப்போது மேலே சத்தம் நின்றுவிட்டது. நீ பெட்டியை மூடிவிட்டாய் போலிருக்கிறது. நான் இதை மடித்து அந்தப் புத்தகத்துக்குள் வைத்து, உன் அறை வாசலில் வைத்துவிட்டு வரப் போகிறேன். வாசித்துவிட்டுக் கீழே ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிக்காதே. சண்டையும் பிடிக்காதே. இரண்டுக்கும் நேரம் இருக்கிறது, நான் எங்கேயும் போகவில்லை. முதலில் அவளுக்குப் போன் எடு. அவள் எடுக்காவிட்டால் திரும்ப எடு. நீ என்ன சொல்வாயோ, அவள் என்ன சொல்வாளோ என்று நான் இங்கே குசினியில் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டு நிற்பேன்.

முன்னறையில் மின்பியானோவைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் வராவிட்டால் அது அப்படியே இருக்கட்டும். அவள் வந்தால், பக்கம் திருப்ப என்னை விடுவாளோ என்று கேட்டுச் சொல். மாட்டேன் என்றால் நான் பின்னால் இருந்து கேட்கிறேன். விடுவாள் என்றால், நேற்றுப் பின்னேரம் புத்தகம் முழுவதையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன் என்று அவளிடம் சொல். எட்டாம் பக்கத்தில் அவளுடைய பென்சில் குறி அப்படியே இருக்கிறது. மூலைதான் கொஞ்சம் கிழிந்து, மஞ்சள் பிடித்திருக்கிறது. ஆனால் திருப்பலாம்.

அம்மா